அரக்குத் தட்டும் லிவர்ப்பூல் பாட்டும்



மின்னி பேயில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் வீட்டிலுள்ள தோற்பொருள்களும் புத்தகங்களும் பூசணம் பூக்கும். இங்கே குடியிருப்போர் அனைவரும் இதை அறிவர். மே மாதத்தில் தென்மேற்குக் காற்றோடு வரும் மழை ஒருவாறு ஓய்வதற்குள் வடகிழக்குக் காற்றின் மழை வந்து சேர்ந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், கடலோரமாகக் குடியிருந்துகொண்டு, பழைய இசைத்தட்டுகளைக் காப்பாற்ற முயல்வது அறிவுடைமையா என்று நம்மை நாமே பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. இன்று அந்த முயற்சியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அதிலும் 1960களில் இங்கிலாந்திலே தோன்றி உலகையே ஆட்டிவைத்த 'பீட்' இசையின் தட்டுகளைப் பற்றி.

'பீட்' என்ற சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இது வெட்கத்துக்குரிய இடம். 'அடி' என்றால் வேறு பொருள் முந்திக்கொள்கிறது. 'தாளம்' என்றால் நம் சங்கீத வித்துவான்கள் சண்டைக்கு வருவார்கள். பழந்தமிழில் துடி என்றொரு பறை உண்டு. 'துடியிசை' எனலாமா என்று எண்ணிப் பார்த்தோம். நண்பர் ஒருவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். ஆகவே பீட் இசை என்றே சொல்லிவிடுவோம்.

அந்தப் பெட்டி நம் தந்தையாருடையது. அவர் 1971இல் அரசாங்க வேலையில் அமர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி இத்தீவுக்கு வந்தார். நகரத்துக்கு அப்போது போர்ட் பிளேர் என்று பெயர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றப்பட்டது. தலையணை, படுக்கை, ஒரு டிரங்குப் பெட்டி, சாவி கொடுத்து இயக்கும் கிராமபோன், அதனுடன் தகரப் பெட்டி நிறைய இசைத்தட்டுகள். இவ்வளவுதான் அவர் கொண்டுவந்த சொத்து. கே.பி. சுந்தராம்பாள், எம்.கே. தியாகராஜ பாகவதர், நாடகப் பாடல்கள் ஆகியவற்றுக்கு இடையே ஆங்கிலத் தட்டுகள் ஏழு இருந்தன. அவற்றில் மூன்று, பீட்டில்ஸ் என்னும் லிவர்ப்பூல் இளைஞர் நால்வர் பாடியவை. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய விலைக்கு வாங்கியதாகத் தந்தையார் சொல்வதுண்டு. அந்த மூர் மார்க்கெட் 1985ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி எரிந்து போயிற்று. பழைய புத்தகமும் பழைய தட்டும் தேடி அலைந்த தலைமுறைக்கு அது ஒரு துக்க நாள்.

அம்மூன்று தட்டுகளும் 78 சுற்றுத் தட்டுகள். இதில் என்ன விந்தை என்று நீங்கள் கேட்கலாம். விந்தை இருக்கிறது. பீட்டில்ஸ் குழுவின் முதல் தட்டாகிய 'லவ் மீ டூ' 1962 அக்டோபர் 5ஆம் தேதி இங்கிலாந்தில் வெளியாயிற்று. ஆனால் அந்நாட்டில் 1960ஆம் ஆண்டளவிலேயே 78 சுற்றுத் தட்டுகளை உருவாக்குவதை நிறுத்திவிட்டார்கள். வினைல் என்னும் செயற்கைப் பொருளாலான 45 சுற்றுச் சிறுதட்டும், 33 சுற்று நெடுந்தட்டும் அங்கே வழக்கத்துக்கு வந்துவிட்டன. ஆகவே லிவர்ப்பூலில் பிறந்து அங்கேயே வளர்ந்த ரசிகர், தம் ஊர்க் குழுவின் பாட்டை 78 சுற்றுத் தட்டாக உள்ளூர்க் கடையில் கண்டிருக்கவே முடியாது. நம் நாட்டிலோ, 1963 முதல் சில ஆண்டுகள், கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் இருந்த கிராமபோன் கம்பெனித் தொழிற்சாலையில் அவை 78 சுற்றுத் தட்டுகளாகவே அழுத்தி எடுக்கப்பட்டன.

காரணம் எளிது. அக்காலத்தில் மின்சாரம் எட்டாத ஊர்கள் நம் நாட்டில் ஏராளம். மின்சாரம் இருந்த வீட்டிலும் புதுப் பெட்டி வாங்கும் வசதி எல்லோர்க்கும் இல்லை. தாத்தா காலத்துச் சாவிப் பெட்டியே பேரனுக்கும் பாடியது. அந்தப் பெட்டியில் வினைல் தட்டை வைத்தால், அதன் கனத்த தலையும் எஃகு முள்ளும் ஒரே ஓட்டத்தில் தட்டை உழுதுவிடும். எனவே புதுப் பாட்டானாலும் பழைய தட்டில் தரவேண்டியிருந்தது. வறுமையால் நேர்ந்த இந்த ஏற்பாடு, பிற்காலத்தில் ஐரோப்பிய, அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடித் திரியும் அரும்பொருளை உண்டாக்கிவிட்டது. பார்லஃபோன் பெயர் அச்சிட்ட இந்திய 78 சுற்று பீட்டில்ஸ் தட்டு என்றால் இன்று அவர்கள் கண் அகலும்.

தட்டு எதனால் ஆனது என்பதையும் சற்றுச் சொல்லவேண்டும். பின்னால் சொல்லப்போகும் நம் மடமைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 78 சுற்றுத் தட்டின் உயிர்ப்பொருள் அரக்கு. புரசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. சென்னைப் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த அதே புரச மரந்தான். சோட்டா நாகபுரிக் காடுகளிலே பழங்குடி மக்கள் இதைச் சேகரித்தார்கள். உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நெடுங்காலம் இந்தியாவிலிருந்தே சென்றது. அரக்கோடு கற்பொடி, கரி, சிறிது பஞ்சுத் தூள் ஆகியவற்றைச் சேர்த்துச் சூடாக்கி, அச்சுக்களுக்கிடையே வைத்து அழுத்தினால் தட்டு ஆயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது அரக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, அமெரிக்காவில் 1942இல் புதுத் தட்டு வேண்டுவோர் பழைய தட்டு ஒன்றைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிலைகூட வந்தது. எத்தனை அரிய குரல்கள் அவ்வாறு உருகிப் போயினவோ! பாண்டவர்களுக்கு அரக்கு மாளிகை கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது, அரக்கு எளிதில் அழியும் பொருள் என்று. நமக்குத் தெரியவில்லை.

தந்தையார் காலமான பின், சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினோம். தட்டுகளின் மேல் வெண்ணிறப் பூசணம் கோலமிட்டிருந்தது. வினைல் தட்டுகளைச் சாராயம் கலந்த நீரால் துடைப்பார்கள் என்று எங்கோ படித்த நினைவு. மருந்துக்கடையில் ஸ்பிரிட் ஒரு புட்டி வாங்கி வந்தோம். பஞ்சில் நனைத்து, மூன்று பீட்டில்ஸ் தட்டுகளில் ஒன்றை எடுத்து, மிகுந்த அக்கறையோடு வட்டமாகத் துடைத்தோம். பூசணம் போயிற்று. பஞ்சு கறுத்தது. அழுக்குத்தான் வருகிறது என்று மகிழ்ந்து, இன்னும் சற்று அழுத்தித் துடைத்தோம். நம் தாயார் எட்டிப் பார்த்து, "ஏன் தம்பி, தட்டு பளபளப்பே போயிட்டுதே? அப்பா துணியாலதான் துடைப்பாங்க" என்றார். அப்போதுதான் உண்மை விளங்கியது. பஞ்சில் வந்தது அழுக்கன்று, பாட்டு. அரக்கு சாராயத்தில் கரையும். தச்சர்கள் மரச்சாமான்களுக்கு மெருகேற்ற அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசுவதை இளமையிலிருந்தே பார்த்தவர்கள் நாம். ஆயினும் அந்த நேரத்தில் அந்த அறிவு கைகொடுக்கவில்லை. ஒரு பக்கம் முழுவதும் மங்கிப் போயிற்று. முள்ளை வைத்தால் அடைமழை ஓசைதான் கேட்கிறது; நால்வர் குரலும் அதற்கு அப்பால் எங்கோ.

இந்த இழப்புக்குப் பிறகுதான் நாம் உண்மையில் சேகரிப்பாளர் ஆனோம் என்று சொல்லவேண்டும். அதுவரையில் பெட்டி வெறும் பெட்டி. எதை இழந்தோம் என்று தெரிந்துகொள்ளப் புறப்பட்டு, அவ்விளைஞர் நால்வரைப் பற்றியும் அவர்கள் காலத்தைப் பற்றியும் படிக்கத் தொடங்கினோம். படிக்கப் படிக்க, இங்கிலாந்துக் கதை என்று எண்ணியதில் நம் ஊர்ப் பெயர்கள் தலைகாட்டின.

ரிங்கோ ஸ்டார் வருவதற்கு முன், 1960 ஆகஸ்டு முதல் 1962 ஆகஸ்டு வரை, பீட்டில்ஸ் குழுவில் முரசு கொட்டியவர் பீட் பெஸ்ட். அவர் பிறந்தது எங்கே? சென்னையில், 1941 நவம்பர் 24ஆம் தேதி. தாயார் மோனா பெஸ்ட் டெல்லியில் பிறந்தவர். போரின் இறுதிக் காலத்தில் குடும்பம் பம்பாயில் கப்பலேறி லிவர்ப்பூல் சென்றது. அங்கே மோனா அம்மையார் 1959இல் தம் வீட்டின் நிலவறையில் 'காஸ்பா' என்னும் காபிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். பின்னாளில் பீட்டில்ஸ் ஆன இளைஞர்கள் தொடக்கத்தில் வாசித்த இடங்களில் அதுவும் ஒன்று. புகழ் வாசல் திறக்கும் வேளையில் பீட் பெஸ்ட் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். உலகிலேயே தவறவிட்ட வாய்ப்புக்கு உதாரணமாக அவரைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆயினும் 1967இல் வெளியான 'சார்ஜென்ட் பெப்பர்' நெடுந்தட்டின் உறைப் படத்துக்காக ஜான் லென்னன் அணிந்த பதக்கங்கள், மோனா அம்மையாரின் தந்தையாருக்கு உரியவை. கேட்டு வாங்கி அணிந்தார். அந்த உறையைக் கையில் வைத்திருப்போர் எத்தனை பேர் இதைக் கவனித்திருப்பார்கள்? 1995இல் பழைய ஒலிப்பதிவுகளின் தொகுப்பு ஒன்று வெளிவந்தபோது பீட் பெஸ்டின் முரசொலியும் அதில் இடம்பெற்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவருக்கும் பங்கு கிடைத்தது. சென்னை மண்ணில் பிறந்தவர் என்பதால் நமக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி.

அதே சென்னையில் 1936 மே 2ஆம் தேதி பிறந்தவர், எங்கெல்பர்ட் ஹம்பர்டிங் என்ற பெயரில் பின்னர் புகழடைந்த பாடகர். பீட்டில்ஸுக்கு முன்பே இங்கிலாந்து இளைஞர்களைக் கவர்ந்த கிளிஃப் ரிச்சர்டு 1940இல் லக்னோவில் பிறந்தார். கிங்க்ஸ் என்னும் குழு 1965 சனவரியில் பம்பாயில் தங்கியபோது, கடற்கரையில் செம்படவர் பாடிச்சென்ற ஓசை அதன் தலைவர் ரே டேவிஸின் காதில் விழுந்து, அவ்வாண்டிலேயே ஒரு பாட்டாயிற்று. ஜார்ஜ் ஹாரிசன் சிதார் கற்றதும், 1968 சனவரியில் பம்பாய் ஒலிப்பதிவுக் கூடத்தில் நம் வித்துவான்களைக் கொண்டு இசைப்பதிவு செய்ததும், அடுத்த மாதம் நால்வரும் ரிஷிகேசம் வந்ததும் பலர் அறிந்தவை, அவற்றை விரிக்கவில்லை.

நம்மவர் சும்மா இருந்தார்களா? இல்லை. 1965இல் வந்த 'ஜான்வர்' என்ற இந்திப் படத்தில் பீட்டில்ஸ் மெட்டொன்று அப்படியே தலைகாட்டுகிறது. 1964இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' படத்தில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் அமைத்த துள்ளல் மெட்டுகளைக் கேட்டு ஆடாத தமிழ் இளைஞர் அக்காலத்தில் உண்டோ? ஒரு சிகரெட்டு நிறுவனத்தின் ஆதரவில் நடந்த 'சிம்லா பீட்' போட்டிகளில் இந்திய இளைஞர் குழுக்கள் வாசித்தவை 1970இலும் 1971இலும் நெடுந்தட்டுகளாக வந்தன. அவையும் இன்று தேடப்படுபவையே. எல்லாம் நல்ல இசையென்று நாம் சாதிக்க மாட்டோம். சிலவற்றை ஒருமுறை கேட்டால் போதும். ஆனால் ஒரு காலத்து இளைஞர் எதற்கு ஆசைப்பட்டனர் என்பதை அவை காட்டுகின்றன.

இனி, சேகரிப்போரைப் பற்றி. பொருள் சேகரிப்பதில் இருவகை மனம் உண்டு. ஒன்று விலையைப் பார்க்கும். மற்றொன்று பொருளின் வரலாற்றைப் பார்க்கும். இரண்டும் ஒரே மனிதரிடம் குடியிருப்பதும் உண்டு. நம்மிடமும் உண்டு என்பதை மறைப்பானேன்? நம்மிடம் பழுதில்லாமல் இருந்த மற்ற இரு தட்டுகளைப் பற்றிக் கேள்விப்பட்டு, வெளியூர் வணிகர் ஒருவர் நல்ல விலை சொன்னார். ஓர் இரவு தூக்கம் வரவில்லை. மகளின் கல்லூரிக் கட்டணம் கண்முன் வந்து நின்றது. பொழுது விடிந்ததும் தாயாரிடம் சொன்னோம். "வித்தா வித்துக்கோ. ஆனா அந்த உறையை மட்டும் கொடுத்துடாதே" என்றார். உறையிலே தந்தையாரின் கையெழுத்தில் கப்பலேறிய நாளும், கப்பலில் உடன் வந்தவர்களின் பெயர்களும் எழுதியிருந்தன. உறையில்லாத தட்டுக்கு வணிகர் விலையைக் குறைத்தார். நாம் விற்கவில்லை. உறுதியினால் அன்று, பேரம் படியாததால். இதையும் சொல்லிவிடுவதே நேர்மை.

தட்டு மட்டுமல்ல, அதைச் சூழ்ந்த காகிதங்களும் சேகரிப்புப் பொருளே: உறை, கடைச் சீட்டு, விளம்பரத் தாள், நிகழ்ச்சி நுழைவுச் சீட்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் புத்தகங்களோடு துண்டு விளம்பரங்களையும் கல்யாணப் பத்திரிகைகளையும்கூடச் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பின், சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்க முன்வந்தது. இன்று சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் இயங்குகிறது. இசைத்தட்டுகளிலோ, சென்னையில் வி.ஏ.கே. ரங்கா ராவ் சேர்த்த பெருந்தொகுப்பு புகழ்பெற்றது. மும்பையில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. ஆகவே இது வேலையற்றவர் பொழுதுபோக்கு என்று எண்ணவேண்டா.

கையெழுத்துகளை மட்டும் எளிதில் நம்பாதீர்கள். பீட்டில்ஸ் நால்வரின் கையெழுத்து என்று உலாவும் பல, அவர்களுடைய உதவியாளர்களான நீல் ஆஸ்பினால், மால் எவன்ஸ் ஆகியோர் ரசிகர் கூட்டத்தைச் சமாளிக்கத் தாமே போட்டுக்கொடுத்தவை. அக்காலத்திலேயே போலி, அதுவும் உண்மையான இடத்திலிருந்து வந்த போலி!

இப்போது, வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் வாழும் ஊர்களில்தான் இத்தட்டுகள் கிடக்கின்றன. கல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெருவில், மும்பைச் சோர் பஜாரில் பழைய தட்டுக் கடைகளைக் கண்டிருப்பீர்கள். அங்கே லிவர்ப்பூல் தட்டுகளுக்கு அடியிலே தமிழ்த் தட்டுகளும் படுத்திருக்கும். மாதுங்காவிலும் கரோல்பாகிலும் ஒரு தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும்போது கொடுத்துவிட்டுப் போனவை அவை. கடைக்காரருக்கு எழுத்துத் தெரியாததால் அடிமாட்டு விலைக்குப் போகும். உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டி இருக்கலாம். எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்.

திறந்தால் செய்யவேண்டியவை சில. அரக்குத் தட்டின்மேல் ஸ்பிரிட், சென்ட், சாராயம் கலந்த எதுவும் படக்கூடாது. இளஞ்சூடுகூட இல்லாத தூய நீரில் மிகச் சிறிதளவு மென்சோப்புக் கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நடுவிலுள்ள காகிதம் நனையாமல் பார்த்து, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் அப்பளம்போல் வளையும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம்போல் நிற்கவையுங்கள். இறுக்கமான பிளாஸ்டிக் உறை வேண்டா; ஈரத்தை உள்ளே சிறைப்பிடித்துவிடும். ஒலிக்கவைக்கும்போது முள்ளைக் கவனியுங்கள். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் நெடுந்தட்டின் பள்ளத்தைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. நெடுந்தட்டு முள் அதில் தடுமாறி இரைச்சலைத்தான் தரும். சாவிப் பெட்டியில் கேட்பதானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் எஃகு முள்ளை மாற்றுவதே பழைய முறை. மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் அது. ஒருமுறை நன்றாக ஒலிக்கவைத்து, அந்த ஒலியைக் கணிப்பொறியில் பதிந்து வைத்துவிட்டால், பிறகு தட்டுக்கு ஓய்வு கொடுக்கலாம்.

லிவர்ப்பூலைப் பற்றிப் படித்ததில் நம் மனத்தில் தங்கியது வேறொன்று. அது துறைமுக நகரம். அட்லாண்டிக் கப்பல்களில் வேலை செய்த மாலுமிகள் நியூயார்க்கில் வாங்கிய அமெரிக்கத் தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள், தம்பிமார் கேட்டார்கள், கித்தாரை எடுத்தார்கள். நம் தீவும் அத்தகையதே. கல்கத்தாக் கப்பலில் டம்டம் தட்டும், சென்னைக் கப்பலில் மூர் மார்க்கெட் தட்டும் இங்கே வந்து இறங்கின. வங்காளி வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு பாட்டும், தமிழர் வீட்டுச் சன்னலிலிருந்து ஒரு பாட்டும் கேட்ட தெருவில் நாம் வளர்ந்தோம். 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வந்து, இந்நகரப் பகுதியில் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தபோது, தாழ்ந்த இடங்களில் இருந்த வீடுகளில் எத்தனை பெட்டிகள் நீரில் போயினவோ! நம் பெட்டி பரணில் இருந்ததால் தப்பியது. தப்பியதை ஸ்பிரிட்டால் துடைத்தோம்.

அந்தப் பழுதான தட்டை எறியவில்லை. துடைத்தது ஒரு பக்கத்தைத்தானே. மறுபக்கம் தாயார் குரல் கேட்டு நின்றதால் பிழைத்தது. அதை ஆண்டுக்கு ஒருமுறை, தந்தையார் கப்பலேறிய நாளில், சாவிப் பெட்டியில் வைக்கிறோம். மூன்று நிமிடங்களுக்கும் குறைவான பாட்டு. தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் பாட்டு எங்கே முடியும் என்று தெரியும். முள் நடுக்காகிதத்தைத் தொடுவதற்கு முன்பே எழுந்து வந்து, தாமே கையை நீட்டி எடுத்துவிடுவார்.